பிசிக்ஸ் மேஜர் எடுத்தாச்சு, இனி என்ன? முதல் செமஸ்டர் கேள்வி பதில்

பி.எஸ்சி. பிசிக்ஸ் முதல் வருடம் சேர்ந்த பிள்ளைகளும், சேரலாமா என்று யோசிப்பவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் கேட்ட கேள்விகள் இவை. நான் கலைக்கல்லூரியில் முதல் வருடத்துக்கு மெக்கானிக்ஸ் எடுத்து, லேபில் நின்று நின்றே கால் வீங்கினவன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். லேப் என்று வந்தால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம் சார். கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷ். முதல் வாரமே தலை சுத்துது. சமாளிக்க முடியுமா?

முடியும்மா. எனக்குத் தெரிந்து தீபாவளி லீவுக்குள் பழகிவிடும். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் கஷ்டம் இல்லை. நிலைமத் திருப்புத்திறன், பாகுநிலை மாதிரிப் பெரிய சொற்களுக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்தான், நாலு தடவை எழுதினால் பதிந்துவிடும். மோசம் செய்வது சின்னச் சொற்கள். 'நார்மல் ஃபோர்ஸ்' என்றதும் சாதாரண விசை என்று எழுதிவைத்துக்கொள்வார்கள், ஆனால் அங்கே நார்மல் என்றால் பரப்புக்குச் செங்குத்து. 'லைட் ஸ்ட்ரிங்' என்று கணக்கில் வந்தால் எடையைக் கணக்கில் எடுக்க வேண்டாத நூல் என்று அர்த்தம். அந்த நூலில் வெளிச்சம் எப்படி வரும் என்று என் வகுப்பில் ஒரு பையன் நிஜமாகவே கேட்டான், சிரித்தவர்களில் பாதிப் பேருக்கும் பதில் தெரியாது. 'ஸ்மூத்' என்றால் வழவழப்பு என்று அர்த்தம் இல்லை, உராய்வே கிடையாது என்று அர்த்தம். 'ஃப்ரம் ரெஸ்ட்' என்றால் தொடக்க வேகம் சுழியம். இப்படி ஒரு முப்பது நாற்பது சொல்தான் வரும், கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று, பழைய பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தமிழ் வழிப் புத்தகத்தையும் ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அதைவிட நல்ல அகராதி கிடையாது.

மேத்ஸ் எனக்கு வீக். எந்த அளவு தெரிந்தால் போதும்?

உண்மையைச் சொன்னால் முதல் வருடத்தில் தடுக்கி விழுகிற பிள்ளைகளில் நிறையப் பேர் பிசிக்ஸில் விழுவதில்லை, கணக்கில்தான் விழுகிறார்கள். வெக்டரை இரண்டு கூறாகப் பிரிக்கத் தெரிய வேண்டும், எளிய வகையிடல் தொகையிடல் தெரிய வேண்டும், சைன் காஸ் பயமில்லாமல் வர வேண்டும், மடக்கை கொஞ்சம். இவ்வளவுதான்.

எதற்கு இந்த வகையிடல் எல்லாம், பள்ளியில் மூன்று சமன்பாட்டிலேயே எல்லாம் வந்ததே என்று கேட்பார்கள். அந்த மூன்றும் முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டும்தான் செல்லும். 15 மீட்டர் தென்னையிலிருந்து தேங்காய் விழுந்தால் சுமார் 1.75 நொடி, தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். அது கிட்டத்தட்ட சரி. அதே சமன்பாட்டை 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளிக்குப் போட்டுப் பாருங்கள், நொடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர் வரும். அப்படி விழுந்தால் குடை பிடிக்கிற ஆள் இருக்க மாட்டார். நிஜத்தில் பெரிய துளிகூட நொடிக்கு 9, 10 மீட்டருக்கு மேல் போவதில்லை, ஏனென்றால் வேகம் கூடக் கூடக் காற்றின் தடை கூடுகிறது, முடுக்கம் ஒவ்வொரு கணமும் குறைந்துகொண்டே வந்து கடைசியில் இல்லாமலே போகிறது. மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றைக் கணக்கில் பிடிக்கத்தான் வகையிடல். அதை அலைடு மேத்ஸ் பாடம் என்று தனியாக ஒதுக்கிவைத்தால் இரண்டும் போச்சு.

மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும்போது முடுக்கம் சுழியம்தானே? இன்டர்னலில் தப்பு போட்டுவிட்டார்கள்.

தப்புதான் தம்பி. உச்சியில் திசைவேகம் சுழியம், முடுக்கம் அப்போதும் 9.8, கீழ்நோக்கி. இரண்டுமே சுழியம் என்றால் பந்து மாறுவதற்குக் காரணமே இல்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு இருக்கும்.

அண்ணாச்சி கடையில் 300 ரூபாய் முன்பணம் கொடுத்துவைத்துவிட்டு தினம் 100 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறீர்கள். மூன்றாம் நாள் இருப்பு சுழியம். அன்றைக்கும் 100 ரூபாய்க்கு வாங்கத்தானே செய்தீர்கள்? மறுநாள் கடன் 100. இருப்புதான் திசைவேகம், தினம் போகிற 100 ரூபாய்தான் முடுக்கம். இருப்பு சுழியத்தைக் கடந்து போகிறதே தவிர, செலவு அங்கே நிற்கவில்லை. எம்.எஸ்சி. முடித்தவர்கள்கூட இதில் ஒரு நொடி தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் மனசு விட்டுவிடாதீர்கள்.

பஸ் வளைவில் திரும்பும்போது வெளியே தள்ளுகிற விசை உண்மையா பொய்யா? ஒரு சார் உண்டு என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார்.

இரண்டு பேரும் சரி, நின்று பார்க்கிற இடம் வேறு. ரோட்டோரம் நிற்பவருக்கு நீங்கள் நேராகப் போகப் பார்க்கிறீர்கள், பஸ்தான் உங்களை இழுத்துத் திருப்புகிறது. பஸ்ஸுக்குள் இருந்தே கணக்குப் போடுவதென்றால் வெளிநோக்கி ஒரு விசையைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். பரீட்சையில் எந்த இடத்திலிருந்து பார்க்கிறோம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

லேபில் யங் குணகம் கண்டுபிடித்தேன். இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு வருகிறது. சீனியர்கள் ரீடிங்கை மாற்றி எழுது என்கிறார்கள். என்ன செய்ய?

மாற்றாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது, மூன்று மடங்கு என்றீர்களே.

யங் குணகம் என்பது ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்கிற அளவு. இது சீரற்ற வளைவு பரிசோதனைதானே? மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்தி முனைகளில் வைத்து, நடுவில் 50 கிராம் 50 கிராமாக எடை ஏற்றி, நடுவில் ஒட்டிய குண்டூசியின் முனை எவ்வளவு இறங்குகிறது என்று நகரும் நுண்ணோக்கியில் பார்ப்பது. சூத்திரத்தில் நீளத்தின் மும்மடி மேலே, தடிமனின் மும்மடி கீழே. இதில் நீளம் என்பது ஸ்கேலின் முழு நீளம் இல்லை, இரண்டு கத்தி முனைகளுக்கு நடுவே உள்ள தூரம். கத்தி முனைகளை 70 செ.மீ. இடைவெளியில் வைத்துவிட்டு, மீட்டர் ஸ்கேல்தானே என்று 100 செ.மீ. போட்டால், 100-ஐ 70-ஆல் வகுத்து மும்மடி எடுங்கள், 2.9 வரும். உங்கள் மூன்று மடங்கு அங்கேயிருந்துதான் வந்திருக்கும், பந்தயம் கட்டலாம்.

நீளம் சரி என்றால் தடிமனைப் பாருங்கள். திருகு அளவியில் 5 மி.மீ. உள்ளதை ஒரு கோடு தள்ளி 6 என்று படித்தால், விடை கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்துவிடும். சுழிப்பிழையை, அதாவது கருவி மூடியிருக்கும்போதே காட்டுகிற தப்பான அளவை, விட்டுவிட்டாலும் அப்படித்தான், 1 சதவீதத் தப்பு 3 சதவீதமாகப் பெருகும். அகலம் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதற்குப் பத்து ரீடிங் எடுத்து உயிரை விட வேண்டாம். எதற்கு மும்மடி இருக்கிறதோ அதற்குப் பொறுமை காட்டுங்கள். பிறகு, எடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் இரண்டு தடவையும் ரீடிங் எடுக்க வேண்டும். நுண்ணோக்கித் திருகை எப்போதும் ஒரே பக்கமாகவே திருப்பிக் கோட்டைத் தொட வேண்டும், தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் மரையில் உள்ள தளர்ச்சி ரீடிங்கில் ஏறிக்கொள்ளும். குண்டூசி தலைகீழாகத் தெரிகிறதே என்று பயப்படாதீர்கள், அது அப்படித்தான் தெரியும்.

ரீடிங்கை மாற்றுகிற விஷயத்துக்கு வருகிறேன். நானும் ஒரு தடவை செய்தேன். படிக்கிற காலத்தில், நேரம் போதாமல் கடைசி நாலு ரீடிங்கை மனசிலிருந்து எழுதினேன். வைவாவுக்கு வந்தவர் அட்டவணையை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்து, 6.37 என்று இருந்த இடத்தில் பேனாவை வைத்து, "இந்த மெயின் ஸ்கேல் ரீடிங்கை எந்த நுண்ணோக்கியில் எடுத்தாய், எனக்குக் காட்டு" என்றார். அந்தக் கருவியில் ஒரு சென்டிமீட்டருக்கு 20 கோடு, அதாவது கோட்டுக்குக் கோடு 0.05. ஆகவே மெயின் ஸ்கேலில் 6.35 வரலாம், 6.40 வரலாம், 6.37 வரவே வராது. மிச்சமெல்லாம் 50 பிரிவு வெர்னியரில் 0.001, 0.001 ஆக வர வேண்டியது. பொய் சொல்லக்கூட மீச்சிற்றளவு, அதாவது கருவியில் அளக்க முடிகிற மிகச் சின்ன அளவு, தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது! அவர் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை, சிரித்தார். அதுதான் இன்னமும் வலிக்கிறது.

யூடியூபில் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. பரீட்சை ஹாலில் கணக்கு வரவே மாட்டேன் என்கிறது.

கிரிக்கெட் பார்த்தால் பேட்டிங் வராது. வீடியோவில் அவர் அடுத்த வரியை எழுதும்போது நீங்கள் தலையாட்டுகிறீர்கள், அடுத்த வரி எது என்று முடிவு செய்தவர் அவர்தானே. நிறுத்திவிட்டு, வெள்ளைத்தாளில் நீங்களே படம் போடுங்கள்.

லிஃப்ட் கணக்கையே எடுங்கள். 50 கிலோ ஆள் எடை பார்க்கும் மெஷின் மேல் நிற்கிறார், லிஃப்ட் 2 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் முடுக்கத்தோடு மேலே போகிறது. ஆளை ஒரு புள்ளியாக்குங்கள். கீழே ஒரு அம்பு, புவியீர்ப்பு, 490 நியூட்டன். மேலே ஒரு அம்பு, மெஷின் தள்ளுவது. வேறு எதுவும் ஆளைத் தொடவில்லை, ஆகவே வேறு அம்பு கிடையாது. பாதிப் பேர் இங்கேதான் மேல்நோக்கி 'லிஃப்ட் விசை' என்று மூன்றாவது அம்பு ஒன்றைச் செருகுவார்கள். மேல் அம்பிலிருந்து கீழ் அம்பைக் கழித்தால் 50 பெருக்கல் 2, அதாவது 100. ஆக மெஷின் தள்ளுவது 590 நியூட்டன், 60 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். லிஃப்ட் சீரான வேகத்தில் போகும்போது? பழையபடி 50 கிலோதான். இது ஏன் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் முடிந்தது.

எந்தப் புத்தகம் வாங்க? விலை எல்லாம் ஆயிரக்கணக்கில் இருக்கு.

முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஓப்பன்ஸ்டாக்ஸ் யுனிவர்சிட்டி பிசிக்ஸ் மூன்று பாகமும் இலவசம், சட்டப்படியே இறக்கிக்கொள்ளலாம். லைப்ரரியில் இருப்பதை எடுங்கள். சீனியர் விற்கிற ஜெராக்ஸ் நோட்ஸ் பரீட்சைக்கு முந்தைய நாள் ராத்திரிக்கு உதவும், அதற்கு மேல் அதிலிருந்து எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

லேப்டாப் அவசியமா?

முதல் வருடத்துக்கு இல்லை. நல்ல சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். அது டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், எவ்வளவோ நல்ல பிள்ளைகள் அதில் மதிப்பெண்ணை விட்டிருக்கிறார்கள்.

மகளுக்கு பிசிக்ஸ்தான் வேண்டுமாம். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா ஐயா? (ஒரு அப்பா)

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் பிசிக்ஸுக்கென்றே உள்ள வேலை குறைவு, மறைக்க வேண்டாம். எம்.எஸ்சி., பி.எட். முடித்தால் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி முதுகலை ஆசிரியர் ஆகலாம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற தேர்வு இருக்கிறது, 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடப் பாடம்தான், அதனால் இப்போது ஒழுங்காகப் படிப்பது வீண் போகாது. ஆராய்ச்சி என்றால் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம் எல்லாம் நம் ஊரிலேயே இருக்கின்றன. பேங்க் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. எந்த டிகிரிக்கும் உண்டு. பிடித்ததைப் படிக்கிற பெண், அவள் பாட்டுக்குப் படிக்கட்டும் ஐயா.

நீட் கிடைக்காமல் விருப்பமில்லாமல் சேர்ந்தேன். அடுத்த வருடம் மறுபடி எழுதலாமா, இதையே தொடரலாமா?

எழுதுவதென்றால் முடிவு செய்து எழுதுங்கள். ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அரியர் வைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீட்டுக்குப் படித்த பிசிக்ஸ் ஒரு நிமிடத்தில் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற பிசிக்ஸ். அது பிடிக்கவில்லை என்பதால் பிசிக்ஸே பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம், முதல் செமஸ்டர் லேபை முடித்துவிட்டு யோசியுங்கள்.

கல்லூரி திறக்க இன்னும் பத்து நாள் இருக்கு சார். சும்மா இருக்கேன். ஏதாவது செய்யணும்.

ஒரு கல்லை நூலில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுங்கள். கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடு வரைக்கும் சரியாக 1 மீட்டர். கொஞ்சமாக இழுத்து விட்டு, போய்த் திரும்பி வருவதை ஒன்று என்று வைத்து 20 அலைவுக்கு செல்போனில் நேரம் பாருங்கள், 40 நொடிக்கு ஒரு துளி மேலே வர வேண்டும். அதிலிருந்து ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். ரொம்ப இழுத்துவிடாதீர்கள், ஊசல் சூத்திரம் சைனுக்குப் பதில் கோணத்தையே போட்டு வந்தது, கோணம் 10 டிகிரி என்றால் அப்படிப் போடுவதில் அரை சதவீதம்தான் வித்தியாசம், 30 டிகிரி என்றால் 5 சதவீதம் ஆகிவிடும். ஜி 9.8-க்குப் பக்கத்தில் வராமல் 10.9 என்று வந்தால் நூலையும் கல்லையும் திட்டாதீர்கள். கல்லை விட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள், 19 அலைவுதான் ஆகியிருக்கும். 'சுழி' என்று தொடங்கி மறுபடி எண்ணுங்கள்.