விளையாட்டுப் பாடவேளை – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பாடவேளையும் ஒரு ஓவியப் பாடவேளையும் கால அட்டவணையில் இருக்கின்றன. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு மூன்றையும் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வகம் இந்த ஆண்டு திறக்கப்படவே இல்லை. கரும்பலகையைப் பார்த்துச் செய்முறைப் பதிவேட்டை எழுதி முடித்துவிட்டார்கள். (பையனாக இருந்தால் மாலையில் வெளியே போய் விளையாடிக்கொள்வான், இவள் பெண்.) பள்ளிக்குப் போய்க் கேட்கலாமா? கேட்டால் மகளை ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். விளையாடினால் மூளை சுறுசுறுப்படைந்து மதிப்பெண் கூடும் என்று எடுத்துச் சொல்லலாமா? வீட்டிலிருந்தே ஓவியம் கற்க இணைய வகுப்பு ஏதாவது உண்டா? பிள்ளைகள் கெடுவதற்குக் கைப்பேசிதான் காரணமா?

— ஒரு தாய், திருத்துறைப்பூண்டி வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கி, நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரை நீக்கி, மேலே கொடுத்திருக்கிறேன். கைப்பேசியைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது; அதை விட்டுவிடுகிறேன். இணைய ஓவிய வகுப்பைப் பற்றியும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மகளுக்கு உரிமையாக உள்ள வகுப்பைப் பறிகொடுத்துவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்க வழி கேட்கிறீர்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பையன் வெளியே போய் விளையாடிக்கொள்வான், இவள் பெண். இந்த வரிதான் இரண்டு நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. நம் பகுதியில் வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடப்பட்டு ஆற்றில் தண்ணீர் வடிந்துவிட்டால், ஜூன் 12-இல் மீண்டும் திறக்கும் வரை அந்த மணல் முழுவதும் பையன்களுக்குத்தான். உளுந்தும் பயறும் எடுத்து முடித்த வயல், பங்குனி பிறந்தால் அவர்களுடைய கபடித் திடலாகிவிடும். அந்த மணலில் ஒரு பெண் பிள்ளை பாவாடையைச் செருகிக்கொண்டு ஓடுவதை, வயதுக்கு வந்த பிறகு நம் ஊர்களில் யார் விடுகிறார்கள்? சுற்றுச்சுவருக்குள், மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடிகிற அந்த 40 நிமிடம்தான் அவளுக்கு உள்ள ஒரே திடல். கணக்கு ஆசிரியர் அதை எடுத்துக்கொள்ளும்போது பையனுக்கு ஒரு பாடவேளை போகிறது. உங்கள் மகளுக்கு எல்லாமே போய்விடுகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1983-இல் நான் பத்தாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் பெண்களுக்கு வளையப்பந்து உண்டு. மர அலமாரியில் ஆறு ரப்பர் வளையங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு வெடித்து, சைக்கிள் டியூப் சுற்றப்பட்டவை. அந்த ஆட்டத்தில் வளையத்தை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும்; இரு கையாலும் பிடித்தால் தவறு. பிடித்ததும் தாமதிக்காமல் திருப்பி எறிய வேண்டும். சுழன்றபடி தள்ளாடி வரும் வளையத்தை விறைத்த கையால் பிடிக்கப் பார்த்தால், கட்டைவிரல் அடியில் சுரீரென்று அடித்துவிட்டுத் தெறித்து ஓடிவிடும். எங்கள் பி.டி. டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அதை நிறுத்தாதே, அது போகிற பக்கமே கையைக் கொஞ்சம் அழைத்துக்கொண்டு போ, தானாக நிற்கும்” என்றார். மூன்று வாரம் தவறவிட்டுத் தவறவிட்டு, ஒரு நாள் அது என் கையில் நின்றது. என் உடம்பு எனக்குச் சொன்னபடி கேட்கும் என்று முதன்முதலாக அறிந்தது அன்றுதான். அதுவரை என் உடம்பைப் பற்றி வீட்டில் கேட்டதெல்லாம் மூடு, ஒடுக்கு, மெதுவாக நட என்பவையே. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியை அந்த அலமாரியைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு எல்லாம் கணக்குதான். கணக்கில் 81 வாங்கினேன். வளையத்தை அதன் பின் தொடவே இல்லை.

ஆகவே, சகோதரி, மூளை சுறுசுறுப்படையும், மதிப்பெண் கூடும் என்று சொல்லி அந்த வகுப்பைக் கேட்காதீர்கள். இதை நான் கண்டித்தே சொல்கிறேன். கணக்குக்கு உதவும் என்று கணக்குக் காட்டினால்தான் ஒரு பெண் பிள்ளை ஓடலாமா? நாளைக்கு அவள் நன்றாக ஓடியும் மதிப்பெண் கூடவில்லை என்றால், அப்போது ஓட்டத்தை நிறுத்திவிடலாமா? நீங்களே ஒப்புக்கொண்டு போகும் இந்த வாதம்தான் அந்த அலமாரிகளைப் பூட்டுகிறது. மனத்தாங்கல் வேண்டாம், என் அம்மாவும் இப்படித்தான் நினைத்தார்.

நீங்கள் கேட்கப்போவது சலுகை அன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. அதன்படி 2012-இல் தமிழ்நாட்டில் 16,549 பேர் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய்; அந்தத் தொகை பிறகு சிறுகச் சிறுகத்தான் உயர்ந்தது. தூரிகையும் விசிலும் பிடிக்கிறவரை இப்படிப் பாதி ஆளாக வைத்துவிட்டால், அவருடைய பாடவேளையை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிடுகிறது.

கைவேலைக்குப் பள்ளியில் இடம் கேட்டால் 1953-ஐ நினைவூட்டிச் சினப்பவர்கள் உண்டு. அந்தச் சினம் நியாயமானது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. சுவாமிமலையில் மெழுகு உருவின்மேல் வண்டல் மண்ணைப் பூசி வார்க்கும் கலையும், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்யும் வேலையும் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வந்தவை. அந்தப் பட்டறைகளுக்குள் வேறு வீட்டுப் பெண் பிள்ளை போய் உட்கார்ந்து கற்றுக்கொள்வது எளிதல்ல. நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் களிமண்ணையும் உளியையும் தூரிகையையும் பந்தையும் கையில் கொடுக்கக்கூடிய இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். வசதியுள்ளவர்கள் வீட்டுக்கே வீணை ஆசிரியரை வரவழைத்துக்கொள்வார்கள். அட்டவணையிலிருந்து அந்த வகுப்பை எடுத்துவிட்டால், வசதியில்லாத பிள்ளைக்கு அப்பன் தொழிலும் ஆத்தாள் அடுப்பும்தான் மிஞ்சும். குலக்கல்வி கொல்லைப்புறமாக வந்துவிடும்.

ஆய்வகமும் இந்தக் கணக்கில்தான் சேரும். அடுத்த ஆண்டு அறிவியலில் 75 எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. குவிலென்சை ஜன்னல் பக்கம் காட்டி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் வெளியே நிற்கும் வேப்பமரம் இலை இலையாகத் தலைகீழாக அந்தத் தாளில் வந்து நிற்கும்; காற்றில் அசையவும் செய்யும். லென்சுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் ஏறக்குறைய அதுதான் குவியத் தொலைவு. உங்கள் மகளின் பதிவேட்டில் அந்த எண் இருக்கும். மரத்தை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

போய்க் கேளுங்கள். தனியாகப் போனால் உங்கள் மகளைக் குறித்துவைத்துக்கொள்வார்கள் என்ற அச்சம் பொய்யானதன்று. ஆகவே இன்னும் நான்கைந்து தாய்மார்களை அழைத்துக்கொண்டு, பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளில் போங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணைப்படி வகுப்பு நடக்க வேண்டும், ஆய்வகம் திறக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். கணக்கு ஆசிரியரைப் பழிக்காதீர்கள். தேர்ச்சி விழுக்காட்டுக்காக மேலிருந்து நெருக்கப்படுபவர் அவர்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நான்கு பக்கக் கடிதத்தில், உங்கள் மகளுக்கு எந்த விளையாட்டுப் பிடிக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.