ஒரே கேமராவில் திருமண வீடியோ எடுக்கப் போகிறேன். சினிமா போல வர எந்த லென்ஸ் வாங்கலாம்?

லென்ஸுக்கென்று எடுத்து வைத்திருக்கும் பணத்தில் பாதியை ஒலிக்கு ஒதுக்குங்கள். கேட்டதற்கு இது நேரடிப் பதில் இல்லைதான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அதுவரை குறும்படமோ பயண வீடியோவோ எடுத்தவர்களாக இருப்பார்கள். அங்கே சரியாக வராததை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். திருமணத்தில் சடங்கின் மையமான நிமிடம் ஒரே முறைதான் வரும். அதைத் தவறவிடாமல் இருப்பதுதான் முதல் வேலை, அழகெல்லாம் அதற்குப் பிறகு.

கேமராவோடு வரும் மைக்கை நம்பினால் மண்டபத்து எதிரொலியும் பக்கத்தில் நிற்பவரின் இருமலும்தான் பதிவாகும். சட்டைப் பையில் அடங்கும் ரெக்கார்டர் ஒன்றையும் காலர் மைக் ஒன்றையும் மணமகனுக்குப் பொருத்துங்கள். மைக் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும். ஒயரை ஒரு சுற்று வளைத்துத் துணியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டாவிட்டால், அவர் அசையும்போதெல்லாம் துணி உரசும் சத்தம் வரும். எந்த மென்பொருளாலும் அதை முழுதாக நீக்க முடியாது.

இன்னொரு ரெக்கார்டர் ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து எடுக்கட்டும். அங்கிருந்து வருவது லைன் அளவு சிக்னல், அதாவது மைக்கிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு வலுவானது. அதை மைக் துளையில் செருகினால், அளவை எவ்வளவு குறைத்தாலும் ஒலி கிழியும். ஏனென்றால் உள்ளே இருக்கும் முதல் பெருக்கியே அதைத் தாங்காது. ரெக்கார்டரில் லைன் இன் என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் கேபிள் வேண்டும். பதிவுத் தரத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். ரெக்கார்டரின் அளவுகாட்டியில் ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றியே நிற்கட்டும் (பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி கிழியும்). சோதிக்கும்போது மெல்லப் பேசுபவர் நிகழ்ச்சியில் அப்படிப் பேச மாட்டார், கைதட்டலும் சேர்ந்துகொள்ளும்.

அரை மணி நேரம் முன்பே பதிவைத் தொடங்கி, பட்டன் தெரியாமல் அழுந்தாதபடி ஹோல்டில் போட்டுவிடுங்கள். கேமரா பார்க்க ஒரு முறை கை தட்டுங்கள், எடிட்டில் படத்தையும் ஒலியையும் சேர்க்க அதுதான் அடையாளம். தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய ஒலி ஒரு மணி நேரம் கழித்துச் சில ஃப்ரேம்கள் விலகியிருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒலியைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பொருத்தினால் சரியாகிவிடும்.

இப்போது லென்ஸ். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா என்றால் எஃப் 2.8 இருக்கும் 24-70 மிமீ ஜூம் ஒன்றே போதும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும். 85 மிமீ, எஃப் 1.4 லென்ஸைத்தான் பலரும் சிபாரிசு செய்வார்கள். 2 மீட்டர் தூரத்தில் அதை முழுதாகத் திறந்து எடுத்தால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஏறக்குறைய 5 செமீ மட்டுமே. மணமகள் முகம் கூர்மையாக இருக்கும், அரை அடி பின்னால் இருப்பவரின் முகம் கரைந்துபோகும். துளையை எஃப் 4-க்குக் குறைத்தாலும் 13 செமீதான் கிடைக்கும். தனி முகத்துக்கு அது அற்புதமான லென்ஸ், மறுக்கவில்லை. இருவர் சேர்ந்து நிற்கும் சடங்குக்கு அல்ல. முகத்தைத் தொடரும் ஆட்டோஃபோகஸ் வைத்திருந்தால், குறுக்கே ஒருவர் கடக்கும்போது அவர் மேல் தாவாதபடி அதன் உணர்திறனைக் குறைத்து வையுங்கள்.

ஷட்டர் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அந்த நாடுகளில் நொடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால் ஷட்டரை 1/50 நொடியிலும், 50 ஃப்ரேம் எடுத்தால் 1/100 நொடியிலும் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60, 1/120. இதை மீறினால் படத்தில் பட்டைகள் ஊரும். மேடை எல்இடி விளக்குகள் சில வேறு வேகத்தில் சிமிட்டும். அதனால் முந்தைய நாளோ அன்று காலையிலோ விளக்குகளைப் போடச் சொல்லி, பத்து நொடி எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள். நல்ல வெயிலில் 1/50, ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 வேண்டுமென்றால் வெளிச்சத்தை ஏறக்குறைய 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) குறைக்கும் என்டி 64 என்ற கருமையான ஃபில்டர் தேவை.

வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். பளிச்சென்ற உடை ஒன்று ஃப்ரேமுக்குள் வந்ததும் முகங்களின் நிறமே மாறிவிடும். ஓரிடத்துக்கு ஒரு கெல்வின் எண் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று நிலைநிறுத்துங்கள். 8 பிட் நிறம் மட்டும் தரும் கேமராவில் லாக் (Log) முறை வேண்டாம், அது பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதிவு செய்யும் முறை. நிறத்தை இழுக்கும்போது பின்சுவரின் நிறம் பட்டை பட்டையாக உடைந்து தெரியும்.

மைய நிமிடத்துக்குக் கேமரா ட்ரைபாடிலோ மோனோபாடிலோ இருக்கட்டும். ஜிம்பல் (நடக்கும்போதும் கேமரா ஆடாமல் பிடிக்கும் மோட்டார் கைப்பிடி) பிடிப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வரவேற்புக்கும் ஊர்வலத்துக்கும் ஜிம்பல் சரி. ஆனால் அரை மணி நேரம் கையில் தூக்கி நிற்பவரின் தோள் தளர்வது சரியாக அந்த நிமிடத்தில்தான். ஸ்லோமோஷனும் அப்போது கூடாது, பல கேமராக்கள் அந்த முறையில் ஒலியைப் பதிவு செய்வதே இல்லை. பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். எனவே சடங்குக்குச் சற்று முன் நீங்களே நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். ஒரு ஃபோனையாவது ஏரோப்ளேன் மோடில் போட்டு, எக்ஸ்போஷரைப் பூட்டி, மேடை முழுதும் தெரியும்படி உயரத்தில் பொருத்திவிடுங்கள். யாராவது முன்னால் வந்து மறைத்தாலோ, ஃபிளாஷ் அடித்து ஒரு ஃப்ரேம் பாதி வெளுத்துப்போனாலோ அங்கே வெட்டிப் போகலாம். புகைப்படக்காரரிடம் காலையிலேயே பேசி யார் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதோடு சம்பந்தமில்லை என்று தோன்றலாம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். "எடுத்தாச்சே, இரண்டு நாளில் கொடுத்துவிடலாமே?" என்று கேட்பவர்கள் இந்த வேலையைக் கேமராவைப் பிடிக்கும் வேலை என்றே நினைக்கிறார்கள். 6 மணி நேரத்தை 3 கேமராவில் எடுத்தால், எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்து முடிக்கவே 18 மணி நேரம் ஆகும். வெட்டுவது, ஒலி, நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அந்த உழைப்புக்குக் கூலியே கிடையாது என்பதுபோல் பேரம் பேசுவது நியாயமில்லை. உறவினருக்காக இலவசமாக எடுப்பதாக இருந்தாலும் எத்தனை நிமிட வீடியோ, எத்தனை வாரத்தில், எத்தனை முறை திருத்தம் என்று முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள்.

கேமரா நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். நொடிக்கு 30 மெகாபைட்டாவது எழுதும் வி30 கார்டு அதற்குத் தாராளம். இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். அன்றிரவே இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் ஏற்றி, கோப்புகளைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் இருக்கக் கூடாது. இறுதி வீடியோ அவர்கள் கைக்குப் போகும்வரை கார்டுகளை ஃபார்மேட் செய்யாதீர்கள்.