ஒயிட் சாண்ட்ஸ் காலடித் தடங்கள்: பத்தியை நீக்க வேண்டாம்

வணக்கம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஒயிட் சாண்ட்ஸ் மனிதக் காலடித் தடங்களுக்கு 23,000–21,000 ஆண்டுகள் என்று எழுதிவிட்டு, "நீர்த்தாவர விதையை நம்ப முடியாது" என்ற விமர்சனத்தைப் படித்ததும் அந்தப் பத்தியை நீக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீக்காதீர்கள், சான்றை விரித்து எழுதுங்கள்.

விமர்சனம் நியாயமானதுதான். 2021இல் காலம் கணிக்கப்பட்டவை ருப்பியா என்ற நீர்ச்செடியின் விதைகள். நிலத்துச் செடி காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது. நீருக்குள் வளர்வதோ, பாறையிலிருந்து கரைந்து வந்த பழைய கார்பனையும் சேர்த்தே எடுக்கும். காலத்தோடு சிதைந்து குறையும் கார்பன்-14 அதில் மிஞ்சியிருக்காது என்பதால் விதை உள்ளதைவிட முதியதாகத் தெரியும். பாதிக் கார்பன் அப்படி வந்தால் பிழை ஓர் அரைவாழ்வு (கார்பன்-14 பாதியாகக் குறையும் காலம்), ஏறக்குறைய 5,700 ஆண்டு. ஆக, க்ளோவிஸ் (வட அமெரிக்காவின் பழைய கற்கருவிப் பண்பாடு) காலத்து 13,000 ஆண்டுத் தடம் 22,000 ஆண்டு என்று காட்ட, பாதிக்கும் மேல் பழைய கார்பன் கலந்திருக்க வேண்டும். அது மிகப் பெரிய அளவு.

2023இல் அதே இடத்து அடுக்குகளிலிருந்து காற்றிலிருந்து கார்பன் எடுக்கும் ஊசியிலை மரங்களின் மகரந்தத்தை, மாதிரிக்குச் சுமார் 75,000 துகள்கள் வீதம் பிரித்துக் கணித்தார்கள். குவார்ட்ஸ் மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தையும் ஒளித்தூண்டல் முறையில் அளந்தார்கள். இரண்டும் விதைகளோடு ஒத்துப்போயின. மகரந்தம் பழைய மண்ணிலிருந்து அடித்து வரப்பட்டிருக்கலாம் என்ற கேள்வி எழும். குவார்ட்ஸ் கணிப்பில் கார்பனுக்கே வேலையில்லை, அதை முன்னால் வையுங்கள்.

உங்கள் அட்டவணையில் க்ளோவிஸுக்கு 11,000 என்றிருப்பது நாட்காட்டி ஆண்டாகத் திருத்தப்படாத ரேடியோகார்பன் (கார்பன்-14 கணிப்பு) ஆண்டு. நாட்காட்டி ஆண்டில் அது சுமார் 13,000. இரண்டு அளவுகளையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள்.