கெரிஸ் வாங்குகிறீர்களா? பிடியைப் பார்த்து ஊர் சொல்லாதீர்கள்

கேள்வி: மலாக்காவில் ஒரு பழம்பொருள் கடையில் கெரிஸ் (மலாய், ஜாவா மக்களின் குத்துவாள்) பார்த்தேன். ஒன்பது வளைவு. கருத்த அலகில் பளிச்சென்று வெள்ளை வரிகள். பிடி துப்பாக்கிப் பிடி மாதிரி மடங்கியிருக்கிறது. உறையின் தலைக்கட்டை படகு வடிவம். "அசல் கிளந்தான், இருநூறு வருஷப் பழசு" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகர், கிள்ளான்

பதில்: நீங்கள் சொல்லும் பிடியும் படகுத் தலைக்கட்டையும் பூகிஸ் பாணி. பூகிஸ் மக்கள் சுலாவெசியிலிருந்து வந்து சிலாங்கூர், ஜொகூர், ரியாவ் பக்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியவர்கள். அதனால் இந்தப் பாணி தீபகற்பம் முழுக்கக் கிடைக்கும். அதை வைத்துச் சுலாவெசி என்றும் சொல்ல முடியாது, கிளந்தான் என்றும் சொல்ல முடியாது. கிளந்தான்–பட்டானி வட்டாரத்துக்கே (மலேசியாவின் வடகிழக்கும் அதையொட்டிய தென் தாய்லாந்தும்) உரியது 'தாஜோங்': நீண்ட மூக்குள்ள உருவம் செதுக்கிய பிடி, மிக அகலமான தலைக்கட்டை.

அலகு வேறு கதை சொல்கிறது. பிடியும் உறையும் உடுப்பு மாதிரி, கைமாறும்போதெல்லாம் மாற்றுவார்கள். கருத்த இரும்பில் வெள்ளை 'பாமோர்' வரி (வேறு வேறு உலோகத்தை அடுக்கி அடிப்பதால் வரும் கோலம்) துலக்கமாகத் தெரிவது எலுமிச்சைச் சாறும் ஆர்சனிக்கும் பூசும் ஜாவா, மதுரா தீவு வழக்கம். (தொட்டால் கை கழுவுங்கள்.) பாலி அலகு பெரும்பாலும் 40 செ.மீ.க்கு மேல், மேற்பரப்பு வழவழப்பு. சுமத்ராவின் நீள கெரிஸ் ஒடுங்கி, வளைவில்லாமல் நேராக இருக்கும். வளைவு எண்ணிக்கை ஊரைக் காட்டாது. அது எப்போதும் ஒற்றைப்படைதான், இரட்டை வந்தால் எண்ணியது தவறு.

கடையிலேயே பார்க்க வேண்டியவை: அலகின் அடியில் தனியாகப் பொருத்திய குறுக்குத் துண்டு உறையின் வாயில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். 2-3 மி.மீ. ஆடினாலோ, மெழுகோ மரச்சீவலோ திணித்திருந்தாலோ உறை வேறு கெரிஸுடையது. பிறகு 10 மடங்கு லென்ஸில் அலகின் விளிம்பைப் பாருங்கள். வரி இரும்பின் அடுக்காகவே தெரிந்தால் அடித்து மடித்த இரும்பு. மேற்பரப்பில் மட்டும் கோடாக இருந்தால் அமிலத்தால் வரைந்ததாக இருக்கலாம். பழைய அலகில் கூர்முனைப் பக்கம் தேய்ந்து வளைவுகள் மழுங்கியிருக்கும். அலகு முழுக்க, குழிவுகளுக்குள்ளும் ஒரே சீராகப் பள்ளம் விழுந்திருந்தால் அமிலத்தில் ஊறப்போட்டிருக்கிறார்கள்.

வரி அவ்வளவு பளிச்சென்று இருந்தால் நிக்கல் தகடு வைத்த புது அலகாக இருக்கலாம். மதுரா தீவின் சுமெனெப்பில் ஆயெங் தோங்-தோங் கிராமத்தில் இன்றும் கொல்லர்கள் நன்றாகவே செய்கிறார்கள். அதில் குறையில்லை, பழசு விலை கேட்பதுதான் குறை.

பிடியைத் திருகிப் பார்க்காதீர்கள். ஜாவா பிடி துணி சுற்றிச் செருகியது, கழன்றுவிடும். பூகிஸ் பிடி பிசின் வைத்து ஒட்டியது, உள்ளே துருப்பிடித்த முனை முறியும். ரசீதில் "அலகு", "பிடி, உறை" என்று ஊரையும் காலத்தையும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால் புது அலகின் விலைக்கு மேல் தராதீர்கள்.

கேள்வி: தந்தப் பிடி வைத்த கெரிஸை இந்தோனேசியாவிலிருந்து திருச்சிக்குக் கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம். யானைத் தந்தம் நாடு தாண்டுவதை சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு) ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் தந்தம். கரும்புள்ளி போன்ற நுண்துளைகள் தெரிந்தால் எலும்பு. மரப்பிடி உள்ளதையே வாங்குங்கள். அதையும் விமானத்தில் கைப்பையில் வைக்காமல், பதிவுசெய்யும் பெட்டியில் போடுங்கள்.