சொந்தமாக ஒரு பாட்டு பிளேயர்: வாசகர் கேள்வி - பதில்

கே: தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் இருக்கிறது. நான் சேர்த்து வைத்திருக்கும் எம்பி3 பாட்டுகளை மட்டும் போடும் பிளேயரை நானே எழுத ஆசை. புரோகிராமிங் தெரியாது. இங்கே நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?
- வாசகர், கோத்தகிரி

ப: இந்த வேலைக்கு 4 ஜிபி தாராளம். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் தொடங்குங்கள். ஆனால் எம்பி3-ஐப் பிரித்து ஒலியாக்கும் வேலையில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். கரை காணாத கணக்கு அது. விஎல்சி பிளேயருக்குள் இருக்கும் லிப்விஎல்சி என்ற நிரல் தொகுப்பு அதைப் பார்த்துக்கொள்ளும். விஎல்சி 1996-ல் பாரிஸ் அருகே கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம், 2001 முதல் மூல நிரலோடு எல்லோருக்கும் இலவசம்.

நெட் நன்றாக உள்ள இடத்தில் பைத்தான், விஎல்சி, இரண்டையும் இணைக்கும் பைத்தான்-விஎல்சி மூன்றையும் பென் டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். கடைசியானதை, பைத்தானோடு வரும் பிப் கருவியின் 'பிப் டவுன்லோட்' கட்டளையால் எடுக்கலாம். பைத்தானின் கையேட்டையும் ஆஃப்லைனில் படிக்கும்படி இறக்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: பைத்தான் 64 பிட் என்றால் விஎல்சியும் 64 பிட்டாக இருக்க வேண்டும். மாறினால் லிப்விஎல்சியின் டிஎல்எல் ஃபைலை ஏற்ற முடியவில்லை என்று எரர் வரும். தப்பு உங்கள் நிரலில் இருக்காது.

முதல் புரோகிராம் மூன்றே வரி: விஎல்சியை அழைக்கும் இம்போர்ட், ஃபைலின் பெயரோடு மீடியாபிளேயர், பிளே. ஓட்டினால் சத்தமே வராது! பிளே பாட்டைப் பின்னணியில் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. அடுத்த வரி இல்லாததால் புரோகிராம் முடிந்து, பாட்டும் கூடவே நின்றுவிடுகிறது. நான்காவதாக 'இன்புட்' வரியைப் போடுங்கள், என்டர் தட்டும்வரை பாடும். விண்டோஸில் ஃபோல்டர் பெயர் 'நியூ' என்று ஆங்கிலச் சிறிய 'என்' எழுத்தில் தொடங்கினால், முன்னால் உள்ள பின்சாய்கோட்டோடு (\) சேர்த்து அதைப் புதுவரி என்று பைத்தான் படித்துவிடும். மேற்கோள் குறிக்கு முன் ஆங்கில 'ஆர்' எழுத்தைச் சேர்த்தால் சரியாகும்.

ஒரு பாட்டு பாடிய பிறகு ஃபோல்டர் முழுவதையும் துழாவுங்கள். லிஸ்ட்டும் (பட்டியல்) லூப்பும் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) அங்கே தானாகப் பழகும். சில ஃபைல்களில் எம்பி3 என்பது கேபிடல் எழுத்தில் இருக்கும், 'லோயர்' மூலம் சிறிய எழுத்தாக மாற்றாமல் ஒப்பிட்டால் அவை விடுபடும். 'அடுத்த பாட்டு' வேண்டும் என்கிறபோது ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) படியுங்கள். பாடப் புத்தகத்தை வரிசையாக முடித்துவிட்டு வருவதைவிட, பிளேயர் கேட்பதை அன்றன்றைக்குப் படிப்பதுதான் நிலைக்கும்.

கே: என் பாட்டு பிளேயருக்கு டிகிண்டரில் (பைத்தானில் விண்டோ, பட்டன் செய்யும் கருவி) விண்டோ செய்தேன். பாட்டு ஓடும்போது எந்த பட்டனும் வேலை செய்யவில்லை. ஸ்லைடர் சேர்த்த பிறகு பாட்டே திக்குகிறது.
- வாசகர், குன்னூர்

ப: ஓடிய நேரத்தைக் காட்ட வைல் லூப்பும், நிரலைச் சற்று நிறுத்தி வைக்கும் ஸ்லீப்பும் போட்டிருப்பீர்கள். கிளிக்குகளைக் கவனிப்பது டிகிண்டரின் சொந்த லூப்பான மெயின்லூப். உங்கள் லூப் முடியும்வரை அதற்கு முறை வராது. லூப்பை எடுத்துவிட்டு, 500 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, டிகிண்டரின் 'ஆஃப்டர்' மூலம் நேரத்தைப் புதுப்பியுங்கள்.

திக்கலுக்குக் காரணம் வேறு. நேரம் காட்ட ஸ்லைடரை நீங்கள் நகர்த்துகிறீர்கள். அது நகர்ந்ததும், அதோடு நீங்கள் இணைத்த கட்டளை ஓடி, பாட்டை மறுபடி அதே இடத்துக்குத் தள்ளுகிறது. ஒவ்வொரு அரை விநாடிக்கும் இது நடக்கிறது. கட்டளையை நீக்கிவிட்டு, மவுஸ் பட்டனை விடும் நிகழ்வில் மட்டும் பாட்டை நகர்த்துங்கள். விரல் பட்டனில் இருக்கும்வரை ஆஃப்டர் ஸ்லைடரைத் தொடக் கூடாது. பாட்டின் நீளம் மில்லிசெகண்டில் வரும். தொடக்கத்தில் சிறிது நேரம் 0 அல்லது -1 வரலாம். சரிபார்க்காமல் 0-ஆல் வகுத்தால் அங்கேயே எரர்.

கே: மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய்விடுகிறது. மறுபடி திறந்தால் பிளேலிஸ்ட் ஃபைல் காலியாக இருக்கிறது.
- வாசகர், கொடைக்கானல்

ப: எழுதுவதற்காக ஃபைலைத் திறந்த கணமே பழைய பட்டியல் அழிந்து 0 பைட் ஆகிவிடும். புதியதை எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வேறு பெயரில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, எழுதியது டிஸ்க்கில் சேரும்படி ஃப்ளஷ், எஃப்சிங்க் இரண்டும் செய்து மூடுங்கள். பிறகுதான் 'ரீப்ளேஸ்' மூலம் பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். தமிழ்ப் பெயர்களுக்காக யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டை திறக்கும்போதே குறிப்பிடுங்கள். பட்டியல் மாறும்போது அதை எழுதினால் போதும். பாட்டின் எண்ணையும் ஓடிய நேரத்தையும் தனி ஃபைலில், இதே முறையில், 10 விநாடிக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே பாடும்.