தேனெடுக்கப் போனால் தடுக்கிறார்கள். வெளியேறக் கையெழுத்தும் கேட்கிறார்கள்

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில், புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது எங்கள் பழங்குடிக் குடியிருப்பு. தேன், நெல்லிக்காய், சீமாறு எடுத்துத்தான் பிழைப்பு. இனி உள்ளே வரக்கூடாது என்று வனக் காவலர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார். கீழே குடிபோனால் குடும்பத்துக்கு 15 லட்சம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். 15 லட்சம் என்பது மத்திய அரசின் மறுகுடியமர்வுத் திட்டத் தொகைதான், பொய்யில்லை. ஆனால் அது விரும்பிப் போகிறவர்களுக்கு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(5)படி, உங்கள் உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடியும்வரை யாரும் உங்களை வெளியேற்ற முடியாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் கிராம சபையின் சம்மதத்தைக் கேட்கிறது.

இனி தேனுக்கு வருவோம். காலங்காலமாகச் சேகரித்துவந்த சிறு வனப் பொருட்களை எடுக்கவும் விற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சரணாலயமும் தேசியப் பூங்காவும்கூட வன உரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன. வேட்டைக்கு மட்டும் இடமில்லை.

சிக்கல் என்னவென்றால், எழுத்தில் இல்லாத உரிமையைக் காட்டுக்குள் யாரும் மதிப்பதில்லை. என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் தனிப் பட்டாதான் கேட்கிறார்கள். உங்களுக்கு அவசரமாக வேண்டியது ஊர் முழுவதற்குமான சமூக உரிமை. அதற்குப் படிவம் 'பி'. கிராம சபையைக் கூட்டி, அது தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவிடம் கொடுங்கள். தேன் எடுக்கும் பாறைகள், நெல்லி மரங்கள், போகும் தடங்கள் எல்லாவற்றையும் பெயர் சொல்லி வரைபடத்தில் குறியுங்கள். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான். பக்கத்தில் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகம் ஆன பிறகுதான், 2011இல் சோளகர் பழங்குடியினர் இந்த உரிமையைப் பெற்றார்கள்.

மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். கிராம சபை மறுத்தால் கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கும் மறுத்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு. அதற்குப் பிறகு உயர் நீதிமன்றம்.

பிடுங்கிய பொருட்களுக்கு மகஜர் (பறிமுதல் பட்டியல்) நகல் கேட்டு, காப்பகத் துணை இயக்குநருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். வன உரிமைச் சட்டத்தை மீறும் அதிகாரிக்கு அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான்! அதை நம்பி வழக்குப் போடச் சொல்லமாட்டேன்.

ஆடு மாடு வைத்திருந்தால் தனியாக எழுதுங்கள். காப்பகங்களில் மேய்ச்சலுக்கு 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது; அந்த விஷயத்தில் தேனுக்குச் சொன்ன அளவு உறுதியாக என்னால் பேச முடியாது.