சுயமாக வெளியிடுவதா, பதிப்பகத்திடம் கொடுப்பதா? 10 சதவீதத்தையும் 70 சதவீதத்தையும் ஒப்பிடுவதற்கு முன்

"பதிப்பகம் 10 சதவீதம் ராயல்டி தருகிறது, சுயமாக வெளியிட்டால் 70 சதவீதம் வரை கிடைக்கிறது, பிறகு எதற்குப் பதிப்பகம்?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைப்பதே தவறு. 10 சதவீதம் நீங்கள் ஒரு காசும் போடாமல் வருவது. 70 சதவீதம் நீங்கள் எல்லாச் செலவையும் செய்த பிறகு வருவது.

முதலில் அந்த 70 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமேசானின் சுயவெளியீட்டுத் தளமான கேடிபியில் (KDP) மின்னூலுக்கு 70 சதவீதம் உண்டு. ஆனால் அமெரிக்கத் தளத்தில் விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு வெளியே போனால் 35 சதவீதம்தான். 70 சதவீதத் திட்டத்தில் கோப்பின் அளவுக்கு ஏற்ப, ஒரு எம்பிக்கு 15 சென்ட் அனுப்பும் கட்டணமும் பிடிப்பார்கள். படங்கள் நிறைந்து 10 எம்பி ஆன புத்தகம் என்றால் ஒவ்வொரு பிரதிக்கும் 1.50 டாலர் போய்விடும். படங்களைச் சுருக்காமல் ஏற்றுபவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள். அச்சுப் புத்தகத்துக்குக் கணக்கே வேறு: 60 சதவீதம், 9.99 டாலருக்குக் குறைவான விலையென்றால் 2025 ஜூன் முதல் 50 சதவீதம். அதிலிருந்தும் அச்சுச் செலவு கழியும்.

இப்போது அட்டை விலை 100 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நீங்களே அச்சிட்டு விநியோகஸ்தர் வழியாகக் கடைகளுக்குக் கொடுத்தால் கழிவு 50 முதல் 55 வரை போகும். 55 என்றால் கையில் 45. அச்சுச் செலவு 25 போனால் மிச்சம் 20. பதிப்பகத்தில் அட்டை விலையில் 10 சதவீதம் என்றால் உங்களுக்கு 10. அதே ஒப்பந்தத்தில் "நிகர வரவில் 10 சதவீதம்" என்று இருந்தால் 45-ல் பத்தில் ஒன்று, அதாவது நாலரை. சதவீதம் மாறவில்லை, வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டிய இடம் இது.

சுயவெளியீட்டில் 20 என்பது 10-ஐவிட இரட்டிப்புதானே என்றால், முதலீட்டை இன்னும் கழிக்கவில்லை. எடிட்டிங், மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை எல்லாம் சேர்த்து அதே அளவில் 20,000 ஆகிறது என்று கொள்வோம். பிரதிக்கு 20 வீதம் போட்ட முதலீட்டைத் திரும்ப எடுக்க 1,000 பிரதி விற்க வேண்டும். உங்கள் வாசகர்களுக்கு நேரடியாக விற்று, அச்சுக்கு 25, தபாலுக்கும் பணம் பெறும் கட்டணத்துக்கும் 15 போக 60 நின்றால், 334 பிரதியிலேயே முதலீடு கைக்கு வந்துவிடும். ஆகவே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: கடையின் துணை இல்லாமல் என்னால் எத்தனை பேரிடம் நேரடியாகப் புத்தகத்தைக் கொண்டுபோக முடியும்? ஏற்கெனவே உங்களைப் பின்தொடரும் துறை சார்ந்த கூட்டம் இருந்தால், அல்லது வேகமாக அடுத்தடுத்த பாகங்கள் எழுதும் தொடர்கதைக்காரர் என்றால், சுயவெளியீடு நிச்சயம் லாபம். முதல் இலக்கிய நாவல் என்றால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வண்ணப் படங்கள் நிறைந்த சிறுவர் நூலுக்கு பதிப்பகமே மேல். பிஓடி (கேட்கும்போது கேட்ட பிரதியை மட்டும் அச்சிடும் முறை) அச்சில் உள்ளே ஒரே ஒரு வண்ணப் பக்கம் இருந்தாலும் பொதுவாக மொத்தப் புத்தகத்துக்கும் வண்ண அச்சின் விலைதான்.

பதிப்பகம் தரும் பெரிய விஷயம் கடைக்குப் போகும் பாதை. கடைக்காரர்கள் பல இடங்களில் விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்ற நிபந்தனையில்தான் புத்தகத்தை அடுக்குவார்கள். திரும்பி வரும் பிரதியின் நஷ்டத்தைப் பதிப்பகம் தாங்கும். சுயவெளியீட்டில் அது உங்கள் தலையில். திருப்பிக்கொள்ள மாட்டேன் என்றால் கடை எடுக்காது. பதிப்பகமும் இதற்காக ராயல்டியில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும். எத்தனை சதவீதம், எத்தனை மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் சில இடங்கள். பதிப்புரிமை உங்களிடமே இருக்க வேண்டும். நீங்கள் கொடுப்பது வெளியிடும் உரிமம் மட்டும். எந்த மொழி, எந்த நாடுகள், எந்த வடிவம், எத்தனை வருடம் என்ற நான்கும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட வேண்டும். "எல்லா வடிவங்களும், எல்லா நாடுகளும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று ஒரே வரியில் இருந்தால், பதிப்பகம் ஒருபோதும் வெளியிடப் போகாத ஒலிநூலும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து முடங்கிவிடும். அதைவிட ஆபத்தானது உரிமை திரும்பும் விதி. "புத்தகம் அச்சில் இல்லாதபோது உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்" என்ற பழைய வாசகம் இன்று பயனற்றது. மின்னூலாகவோ பிஓடியாகவோ பட்டியலில் இருக்கும்வரை எந்தப் புத்தகமும் "அச்சில்" இருப்பதாகவே வாதிடலாம். "தொடர்ந்து 12 மாதங்களில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும்" என்று எண்ணிக்கை போட்டுக் கேளுங்கள். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. முன்பணம் தந்தால், விற்பனை குறைந்தாலும் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரியும் இருக்கட்டும்.

சுயமாக வெளியிடுவோர் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் அச்சுக் கோப்பில். கேடிபியில் வெள்ளைத் தாளுக்குப் பக்கத்துக்கு 0.002252 அங்குலம், கிரீம் தாளுக்கு 0.0025 அங்குலம் என்று புத்தக முதுகின் தடிமன் கணக்கிடப்படும். 200 பக்கத்துக்கு வெள்ளையில் சுமார் 11.4 மில்லிமீட்டர், கிரீமில் 12.7. வெள்ளைக்கு அட்டை வரைந்துவிட்டுக் கடைசி நேரத்தில் கிரீமுக்கு மாறினால், முதுகின் நிறம் ஓரத்தில் ஒத்துப்போகாமல் நிற்கும். எனவே பக்க எண்ணிக்கையும் தாளும் முடிவான பிறகே முழு அட்டையையும் செய்யச் சொல்லுங்கள். விளிம்பைத் தொடும் படத்துக்கு வெட்டுக்கு வெளியே 0.125 அங்குலம் கூடுதலாக விட வேண்டும், படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட்டில் போடுவதானால் பாரக் கணக்கு பாருங்கள்; பாரம் என்பது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி. 16 பக்கம் ஒரு பாரம் என்றால் 242 பக்க நூல் 256 பக்கத்தில் முடியும், 14 பக்கம் வெற்றுத் தாள். இரண்டு பக்கத்தைக் குறைத்தால் 240-ல் அடங்கிவிடும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை மின்னூலாக்கினால் எழுத்துகள் குப்பையாகும். முதலில் மாற்றி, பிறகு முழுதாக ஒரு மெய்ப்புப் பாருங்கள். ஆஃப்செட் அச்சில் தொடக்கச் செலவு பெரிது, பிரதிகள் கூடக்கூட ஒரு பிரதியின் விலை குறையும். பிஓடியில் 1 பிரதிக்கும் 500 பிரதிக்கும் ஏறத்தாழ ஒரே விலை. முன்பதிவு வராதவரை பிஓடியில் இருப்பதே நல்லது.

ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) யார் பெயரில் வாங்கப்படுகிறதோ அவரே பதிப்பாளராகப் பதிவாவார். தளம் இலவசமாகத் தரும் எண்ணை வேறு அச்சகத்துக்கு எடுத்துப்போக முடியாது. அச்சுநூல், மின்னூல், ஒலிநூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். மின்னூலை அமேசானில் மட்டும் விற்க ஒப்புக்கொள்ளும் திட்டமான கேடிபி செலக்ட்டில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்திலும்கூட. நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அச்சு நூலுக்கு இந்தத் தடை கிடையாது.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, தன்னைப் பதிப்பகம் என்றே சொல்லிக்கொள்ளும்: உங்களிடம் பணம் வாங்கி, உரிமையையும் வாங்கிக்கொள்ளும். பணம் நீங்கள் கொடுத்தால் அது சேவை. அப்போது உரிமை, ஐஎஸ்பிஎன், திருத்தக்கூடிய மூலக் கோப்புகள், அச்சான பிரதிகள் நான்கும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சுயவெளியீட்டுக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் தயங்குபவர்கள் முதலில் பதிப்பகங்களை அணுகுவதே சரி. ஒருமுறை வெளியான புத்தகத்தைப் பதிப்பகங்கள் எளிதில் தொடாது. நிராகரிக்கப்பட்டதை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வெளியிடலாம். ஒரு பக்கச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் தயார் செய்து, ஒவ்வொரு பதிப்பகத்தின் சமர்ப்பிப்பு விதியையும் படித்துவிட்டு, ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பியிருப்பதை மடலிலேயே சொல்லி அனுப்புங்கள். எத்தனை மாதம் காத்திருப்பது என்று முன்பே தேதி குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் எடிட்டரைத் தேடி, ஒரே அத்தியாயத்தை இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். பதிப்பகம் ஏற்றாலும் மறுத்தாலும் அந்த வேலை வீண் போகாது.